ஐப்பசி மழையும் முதியோர் இல்லமும்

(தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளின் உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மழைக்காலத்திற்கு முன் ஊராட்சிகள் செய்ய வேண்டிய பணிகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். கால்வாய் தூர்ப்பதைத் தடுத்தல், குடிநீருக்குக் குளோரின் இடுதல், தெருவிளக்கு, மணல் மூட்டை ஆகியவற்றைப் பற்றி எனக்கு முன் பேசிய பொறியாளர் விரிவாகக் கூறிவிட்டார். அவற்றையே நானும் திருப்பிச் சொன்னால் உங்களுக்கும் சலிப்பு, எனக்கும் சலிப்பு. ஆகவே, நம் ஊர்களில் இருந்தும் நம் கணக்கில் வராத ஓர் இடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். முதியோர் இல்லத்தைத்தான் சொல்கிறேன்.

புரட்டாசி பிறந்துவிட்டது. இன்னும் சில நாட்களில் அக்டோபர் 1 வருகிறது. அந்நாளை உலக முதியோர் நாள் என்று ஐக்கிய நாடுகள் சபை 1990 இல் அறிவித்தது. அதற்கு மறுநாள் அக்டோபர் 2. நமக்கெல்லாம் கிராம சபை கூடும் நாள். 1952 இல் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டதும் அதே அக்டோபர் 2 இல்தான். வட்டார வளர்ச்சி அலுவலர் என்னும் உத்தியோகமே அத்திட்டத்தின் வழியாக வந்தது. முதியோர் நாளும் கிராம சபை நாளும் அடுத்தடுத்து வந்தும், பல ஆண்டுகள் இரண்டையும் நான் சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை. ஏன் எண்ண நேர்ந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தாம்பரத்தின் சுற்றுப்புறத்தில் இவ்வில்லங்கள் இத்தனை தோன்றியதற்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931 இலேயே வந்துவிட்டது. நல்ல காற்றுக்குப் பெயர் பெற்ற இடம் என்பதால், பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளருக்கென்று டாக்டர் சௌரிமுத்து 1928 இல் சானடோரியம் அமைத்தார். பிறகு ஏரிப் பாசன வயல்கள் மனைகளாயின. மக்கள் வேலை தேடி வெளிநாடு போயினர். பெற்றோர் இங்கே தங்கினர். நகரத்து வாடகைக்குக் கட்டுப்படியாகாத இல்லங்கள் நம் ஊர்களில் இடம் பிடித்தன. நாம் விற்ற நஞ்சையின் மேல்தான் அவற்றுள் சில நிற்கின்றன என்பதை இங்குள்ள உழவர்கள் நன்கு அறிவார்கள்.

ஆதரவற்ற மூதாட்டியருக்கென்று சாவித்திரி வைத்தி அம்மையார் 1978 இல் விச்ராந்தி இல்லத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து நிலைத்த பாலவாக்கம் அந்நாளில் கடலோரச் சிற்றூர். 2011 இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அக்காலத்தில், பெற்றோரை வெளியே விடுவதா என்று பேசவே கூசுவார்கள். இன்று கூச்சம் தெளிந்துவிட்டது. 2011 ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஆகையால் இது எவர் வீட்டுக்கோ உரிய செய்தி என்று ஒதுக்க முடியாது.

எங்கள் வட்டாரத்தில் ஓர் ஊராட்சியில் உள்ள இல்லத்திற்கு நான் அடிக்கடி போவதுண்டு. ஊரின் பெயரையும் இல்லத்தின் பெயரையும் சொல்ல வேண்டாமென்று நினைக்கிறேன். நாற்பது பேருக்குக் குறையாமல் அங்கே இருக்கிறார்கள். மழைக்காலத்து வாழ்க்கை அங்கே எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதியவர்களுக்கு வெயிலைவிட ஈரம் கொடியது. மூட்டுகள் இறுகிக்கொள்ளும், துணி உலராது, பாய் சில்லிட்டுப் போகும். எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது வழுக்கி விழுதல். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலரால் மீண்டும் பழையபடி நடக்க முடிவதில்லை. அந்த இல்லத்தில் வாசற்படியில் பழைய கோணிச் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். கால் துடைக்கத்தான் போட்டது; கால் பட்டதும் அதுவே நழுவியது. புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் அங்குள்ளவர்களே கூடி, சாக்கை எடுத்துவிட்டுக் கனத்த தேங்காய் நார் மிதியடி போட வேண்டும், இரவில் கழிப்பறை வழியில் சிறு விளக்கு எரிய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். செலவு பெரிதன்று. ஆனால் முடிவைப் பொறுப்பாளர் செய்யவில்லை. அங்கே வாழ்பவர்கள் செய்தார்கள். அதனால், எவரேனும் விளக்கை அணைத்தால் அதட்டுவதற்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

கொசு ஒழிப்பும் அவர்கள் கையில்தான். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை; தொட்டி, பூச்சட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றில் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாறுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை நீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவினால் போதும். வெள்ளிதோறும் காலைக் கஞ்சி குடித்தவுடன், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் கையில் ஒரு குச்சியோடு புறப்படுவார். பின்னால் நான்கைந்து பேர் போவார்கள். சட்டிகளைக் கவிழ்ப்பதும், தட்டுகளைக் கொட்டுவதும், சமையற்கட்டுத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. நம் ஊராட்சிப் பணியாளர்கள் தெருவில் செய்யும் வேலையை அவர்கள் கூலி இல்லாமல் செய்கிறார்கள். மேலும் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பதை உங்களிடம் மறைப்பதற்கில்லை.

நவராத்திரியில் கொலு வைக்கிறார்கள். பொம்மைகள் பாதி உடைந்தவை. சுண்டல் மட்டும் குறைவில்லை. ஊர்ப் பெண்பிள்ளைகள் வந்து பாடுகிறார்கள். ஐப்பசி அடைமழையில் வெளியே உலவ முடியாத நாட்களில் பல்லாங்குழியும் தாயமும் நடக்கும். கண் தெரிந்தவர் நாளிதழை உரக்க வாசிப்பார். காது கேட்பவர் கேளாதவருக்கு அதைத் தம் விருப்பம்போல் மாற்றிச் சொல்வார்! கார்த்திகை நெருங்கியதும் மூதாட்டியர் பஞ்சைத் தொடையில் உருட்டித் திரி செய்கிறார்கள். ஆயிரக்கணக்கில் சேரும் திரிகளைக் கட்டுக் கட்டாகப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த ஊரில் கார்த்திகை விளக்கு இன்று பெரும்பாலும் அந்தத் திரியில்தான் எரிகிறது.

இம்மாதங்கள் இறந்தவர்களை நினைக்கும் மாதங்களுமாகும். புரட்டாசியில் மகாளய அமாவாசை. நவம்பர் 2 இல் கிறித்தவர்களுக்குக் கல்லறைத் திருநாள். கணவனை அடக்கம் செய்த இடத்திற்குப் போக இயலாத ஒரு கிறித்தவ மூதாட்டி, இல்லத்து முற்றத்தில் மெழுகுவத்தி ஏற்றினார். மற்றவர்களும் தத்தம் மனிதர்களை நினைத்து ஆளுக்கொரு விளக்கு ஏற்றினார்கள். அன்று நான் அலுவல் பேசப் போயிருந்தேன்; பேசாமல் திரும்பிவிட்டேன்.

இனித் தீபாவளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் யாரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. ஈகை நல்ல குணம். ஆனால் ஓராண்டு தீபாவளிக்கு முந்திய ஞாயிறன்று அந்த இல்லத்திற்குப் பதினொரு குழுவினர் வந்தார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு பெட்டி இனிப்பு, ஒரு பதாகை, ஒரு புகைப்படக்காரர். அங்கிருப்போரில் பாதிப் பேருக்கு நீரிழிவு. ஒரு பாட்டியார் அதே புடவையை இரு முறை வாங்க வேண்டியதாயிற்று. முதல் முறை படம் சரியாக விழவில்லையாம்! மாலையில் எல்லோரும் களைத்துப் படுத்துவிட்டார்கள். அடுத்த இரண்டு வாரம் மழை கொட்டியது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "தம்பி, தீபாவளிக்கு வந்தவர்களில் ஒருவராவது மழை விட்ட பிறகு வந்து, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கும்" என்று அந்தப் பாட்டியார் என்னிடம் சொன்னார். கூரை உண்மையிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.

இதை உங்களிடம் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்றால், இல்லை. அதற்கு முந்திய ஆண்டில் நானே ஒரு பெரும் பிழை செய்தவன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவ்வாண்டு அக்டோபர் 2 கிராம சபைக்கு நான் பற்றாளராகச் சென்றிருந்தேன். அந்த இல்லத்திலிருந்து முதியவர் இருவர் வந்து ஓரமாக இருந்தனர். ஒருவர் நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் நின்றே இருந்தார். பிறகுதான் அறிந்தேன், அவர் மதுராந்தகம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நெடுங்காலம் நீர்க்கட்டியாக இருந்தவர். ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்ற செங்கற்பட்டுச் சீமையில் நீர்க்கட்டி என்றால் யாரென்று உழவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மதகைத் திறப்பதும் மூடுவதும், முறை வைத்து வயலுக்கு நீர் விடுவதும், மழை இரவில் கரையைக் காப்பதும் அவர் தொழில். களத்துமேட்டில் அளந்து கொடுக்கும் நெல் அவர் கூலி.

தீர்மானங்கள் படித்து முடியும் வேளையில் அவர் கையைக் கூப்பியபடி, "ஏரிக் கலங்கலைப் பார்த்துவிட்டு வருகிறேன், ஐயா. அதில் ஆகாயத்தாமரை அடைந்து கிடக்கிறது" என்று தொடங்கினார். உடனே ஓர் உறுப்பினர், "இவர் நம் ஊர்க்காரர் இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை" என்றார். தலைவர் என் முகத்தைப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது, எனக்கு அடுத்த ஊராட்சிக்குப் போக வேண்டும். பட்டியலில் பெயர் உள்ளவர்களே சபையின் உறுப்பினர் என்பது விதி என்றேன். முதியவர் மறுசொல் சொல்லாமல் வெளியே போனார்.

விதி அதுதான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களைக் கொண்டதே கிராம சபை என்று 1994 ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கூறுகிறது. ஆனால் தீர்மானத்தில் கையெழுத்திடுவதற்குத்தான் உறுப்பினராக இருக்க வேண்டும். கலங்கல் அடைபட்டிருக்கிறது என்ற செய்தியை யார் வாயிலிருந்து கேட்டால் என்ன?

வடகிழக்குப் பருவமழை நம் கடலோரத்தில் எப்படிப் பெய்யும் என்பதற்கு 2015 ஐ மறந்தவர் இங்கே யாரும் இருக்க முடியாது. அவ்வாண்டு டிசம்பர் 2 ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. நான் சொல்லும் ஆண்டில் அத்தனை மழை இல்லை. இருந்தும் ஐப்பசிக் கடைசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. கலங்கல் வழியே போக வேண்டிய உபரி நீர் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் குப்பையும் அடைத்த அடைப்பில் தடைப்பட்டு, கரையின் தாழ்ந்த பக்கத்தில் வழிந்தது. நட்டு ஒரு மாதம் ஆன சம்பாப் பயிர் பல காணி நான்கு நாட்கள் நீருக்குள் கிடந்து அழுகியது. இரண்டு தெருவில் நீர் புகுந்தது. முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். நடக்க முடியாத பதினெட்டுப் பேரை இரவு ஒரு மணிக்கு ஊர் இளைஞர்கள் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிச் சென்றார்கள். அந்த நீர்க்கட்டியையும் அவ்வாறே தூக்கினார்கள். அவரைத் தூக்கியவர்களில் ஒருவர், சபையில் ஆட்சேபித்த உறுப்பினரின் மகன்.

மறுநாள் நான் போனபோது முதியவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. "மதகு ஷட்டர் முழுதும் திறக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் ஊராட்சித் தலைவரும் இரண்டு உழவர்களும் அவரை ஆட்டோவில் ஏற்றிக் கரைக்கு அழைத்துச் சென்றார்கள். நானும் உடன் போனேன். உழவர்களுக்குப் பயன்படும் என்பதால் அவர் சொன்னவற்றைக் குறிப்பிடுகிறேன். கரையில் நண்டு வளையும் எலி வளையும் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். கரையின் வெளிப்பக்கத்தில் கசியும் நீர் தெளிவாக வந்தால் பொறுக்கலாம், கலங்கலாக மண்ணோடு வந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது, ஓர் இரவும் தாமதிக்கக் கூடாது. கலங்கலுக்கு மேலே பலகை வைத்துக் கூடுதல் நீர் தேக்கும் ஆசையை ஐப்பசி முடியும்வரை அடக்க வேண்டும். மேலேரியிலிருந்து வரும் வரத்துக் கால்வாயில் சிறு அடைப்பு இருந்தாலும் வெள்ளம் வேறு வழி பிடிக்கும். ஆகவே முதல் மழைக்கு முன் ஒரு முறையும், முதல் மழைக்குப் பின் ஒரு முறையும் கால்வாயைக் காலால் நடந்து பார்க்க வேண்டும், வண்டியில் போய்ப் பார்த்தால் தெரியாது. இவற்றைப் பொறியியல் நூலிலும் காணலாம். ஆனால் நம் ஊரின் எந்த மூலையில் எது நடக்கும் என்பதை அவர் அந்த ஏரியை மூன்று முறை சுற்றி வந்தே கண்டு வைத்திருந்தார். அவருக்கு வயலும் இல்லை, பாத்தியமும் இல்லை.

அதன் பிறகு நாங்கள் செய்த வேலை எளியது. வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் ஒருவர் வாக்காளராக இருக்க வேண்டும் என்பது தேர்தல் சட்டத்தின் விதி. முதியோர் இல்லத்தில் குடியிருப்பதும் குடியிருப்பே. அதற்குத் தடை ஒன்றுமில்லை. வேறு ஊரில் பெயர் இருந்தால் படிவம் 8 வழியாக மாற்றிக்கொள்ளலாம். எங்கும் பெயரே இல்லாதவர் படிவம் 6 கொடுக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து சரிபார்ப்பார். நாற்பது பேரில் சிலர் தம் ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கட்டும், என்றேனும் மகன் வந்து அழைத்துப் போவான் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர்களை நான் வற்புறுத்தவில்லை. இருபத்தாறு பேர் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் அந்த ஊரின் கிராம சபை உறுப்பினர்கள் ஆனார்கள். அடுத்த அக்டோபர் 2 இல் கலங்கலைச் சுத்தம் செய்வது முதல் தீர்மானமாக வந்தது. முன்மொழிந்தவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இந்த அவையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? இல்லத்தில் ஒருவர் இறந்தால், "எங்கள் ஊர் மயானத்தில் இடமில்லை" என்று சொல்லும் ஊர்கள் உண்டு. ஒரு கார்த்திகை மாதத்தில், பெய்யும் மழையில், ஒரு மூதாட்டியின் உடலை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேச்சு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மயானம் பொதுச் சொத்து; அதைப் பராமரிப்பது ஊராட்சியின் கடமை. மரணத்தை 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் கட்டணமின்றிப் பதியலாம். அந்தப் பதிவேட்டில் இறந்த இடம் என்று உங்கள் ஊரின் பெயர்தான் எழுதப்படுகிறது. இப்போது ஊராட்சிகள் செய்யக்கூடியது, எரிமேடைக்கு மேல் கூரை இருக்கிறதா, வழியில் சேறு படாமல் போக முடியுமா என்று மழைக்கு முன் பார்த்து வைப்பது.

இல்லத்திற்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கும் முதியோரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆதரவற்றோருக்கான முதியோர் உதவித்தொகையைத் தமிழ்நாடு 1962 இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர் உங்கள் வார்டில் யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அடுத்தது நிலம். மகன் பெயருக்கோ மகள் பெயருக்கோ செட்டில்மெண்ட் எழுதும் உழவர்கள், "என்னையும் என் மனைவியையும் ஆயுள் முழுதும் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007 இல் வந்த சட்டத்தின் 23 ஆம் பிரிவின்படி, நிபந்தனையை மீறினால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாயால் சொன்னதை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு அலைபவர்கள் பலர். பராமரிப்புத் தொகை கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லி அவர் ஆணையிடலாம். துன்பத்தில் இருப்பவர் 14567 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைக்கலாம். "பெற்ற பிள்ளையிடம் பத்திரத்தில் நிபந்தனையா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு குறையும் இல்லை.

வரும் அக்டோபர் 2 க்கு எங்கள் வட்டாரத்தில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். இல்லங்கள் உள்ள ஊராட்சிகளில் கிராம சபையைப் படி ஏற வேண்டாத இடத்தில் கூட்டுமாறு சொல்லியிருக்கிறேன். முன் வரிசையில் கைப்பிடி உள்ள நாற்காலிகள் பத்து. பக்கத்தில் கழிப்பறை திறந்திருக்க வேண்டும், சாவி எழுத்தரிடம் பூட்டிக் கிடக்கக் கூடாது. ஓர் ஊராட்சித் தலைவர் தம் சொந்த வேனை அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தீபாவளிக்கு இல்லத்திற்கு வர விரும்புகிறவர்களின் பட்டியல் ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் வைத்து, ஒரே ஞாயிறில் குவியாமல் ஐப்பசி, கார்த்திகை வாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறோம். இனிப்புக்குப் பதில் என்ன கொண்டு வருவது என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாட்டியார் ஒரு பட்டியல் சொல்லித் தந்திருக்கிறார்: கெட்டியான போர்வை, தேங்காய் நார் மிதியடி, வழுக்காத செருப்பு, கூரை ஒழுகலை அடைக்கத் தெரிந்த கொத்தனார்.

நீர்க்கட்டிப் பெரியவருக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. சென்ற வாரம் பார்த்தபோது, வரத்துக் கால்வாயை இவ்வாண்டு யார் நடந்து பார்த்தார்கள் என்று கேட்டார். அந்த உறுப்பினரின் மகன் பார்த்ததாகச் சொன்னேன். "செருப்போடு நடந்தானா, வெறுங்காலோடு நடந்தானா?" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்திருக்கிறேன்.